எழுத்தர் அக்கா லேப்டாப் வாங்கிய கதை

எழுத்தர் அக்காவின் மூக்கு நுனியில் எப்போதும் ஒரு நீலப் பொட்டு இருக்கும். பேனா மை காய்வதற்கு முன்பே காகிதத்தைத் தூக்கி முகத்தோடு ஒட்டிப் பிடித்து வாசிப்பதால் வந்த பொட்டு அது. சாயங்காலம் ஆபீசைப் பூட்டிவிட்டு பஸ் ஏறப் போகும்போதும் அப்படியே இருக்கும். “அக்கா, மூக்கு” என்று நான் சொல்வேன். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு ஒரு பச்சப் பேனா வாங்கிட்டு வாலே, கல்யாண வீட்டுக்குப் போணும். சேலைக்குப் பொருந்தட்டு” என்பார்.

பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த விஷயங்களில் பாதியை அந்த ஆபீசில் இருந்துதான் தெரிந்துகொண்டேன். இரணியலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேஜை போட்ட சின்ன அறை அது. நிலம் வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுப்பது அக்காவின் தொழில். பத்திரத்தை எங்கள் பக்கம் ஆதாரம் என்று சொல்வோம். அக்காவுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நகல் எடுப்பது, சாட்சிக்கு ஆள் கூப்பிடுவது, கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது எல்லாம் என் வேலை.

ஒரு நிலத்துக்கு ஆதாரம் எழுதுவது என்றால், அந்த நிலத்தின் பழைய ஆதாரத்தை முதலில் பார்க்க வேண்டும். அதில் சர்வே எண் இருக்கும், எத்தனை சென்ட் என்று இருக்கும், நான்கு பக்கத்து எல்லையும் இருக்கும். அதையெல்லாம் பிசகாமல் புதியதில் ஏற்ற வேண்டும். எழுதி முடித்ததும், வாங்குகிறவரையும் விற்கிறவரையும் எதிரே உட்காரவைத்து முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். அந்த வாசிப்பைக் கேட்கவே பக்கத்து சாயாக்கடைக்காரர் வாசலில் வந்து நிற்பார். தடுமாற்றமே இருக்காது. ஆதாரத்தில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்தான். ஆயிரம் முறை எழுதியதில் அது அக்காவுக்கு அப்படியே ஓர்மையில், ஞாபகத்தில், கிடந்தது. எண் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, என்னைப் பார்த்து, “நம்பர நீ சொல்லு தம்பி, பார்ட்டிக்குக் கேக்கட்டு” என்பார். நான் சொல்வேன். இதை எங்கள் ஆபீசின் ஒரு முறை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டுபேர் பார்த்துச் சரி செய்கிறார்களே என்று புகழ்ந்தவர்களும் உண்டு.

உண்மை என்னவென்றால், காகிதத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிக்காமல் அக்காவுக்கு அந்த எண்கள் தெரியாது, பார்ட்டிகளின் முன்னால் அப்படிப் பிடிக்கவும் முடியாது. சின்ன வயதிலேயே தடித்த கண்ணாடி போட்டவர். பிறகு கண்ணுக்குள்ளேயே ஏதோ கோளாறு வந்து, கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாமல் போனது. டாக்டர், இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது வராது என்று சொல்லிவிட்டார். இது எனக்கும், வெளிநாட்டில் வேலை பார்த்த அக்காவின் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் யார் இங்கே ஆதாரம் எழுத வருவார்கள்? கண் தெரியாத எழுத்தரிடம் நிலத்தைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? அக்காவுக்கு அந்தப் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது.

ஒரு ஐப்பசி மாதத்து இடியில் ஆபீசின் பழைய கம்ப்யூட்டர் எரிந்துபோனது. அதன் பெரிய திரையில் எழுத்தை யாரோ எப்போதோ பெரிதாக்கி வைத்திருந்ததால் அக்கா எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார். இனி லேப்டாப்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும். படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டும் வேலையும் வந்துகொண்டிருந்தது.

அதே சமயத்தில்தான் என் ஊரான புதுக்கடை ஜங்ஷனில் ஒரு கடைமுறி, ஒற்றைக் கடை அறை, காலியானது. ஜெராக்ஸ் கடை போட அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வருகிறேன் என்று கட்டிடக்காரரிடம் சொல்லிவிட்டேன். அக்காவிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. கேட்டுவிட்டு, “கொள்ளாம் மக்கா. சொந்தமா ஒண்ணு வேணும்லா” என்றார். பிறகு பழைய ஆதாரம் ஒன்றை எடுத்து மூக்கோடு ஒட்டிப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தபடியே இருந்தார். நான் போன பிறகு எண்ணைச் சொல்ல ஆள் இல்லை. வாங்கப் போகும் லேப்டாப்பில் அக்கா தானாகவே வாசிக்க முடிந்தால் ஆபீஸ் நிற்கும். முடியாவிட்டால் மூட வேண்டியதுதான். இதை நாங்கள் இருவரும் வாயால் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். குளிரூட்டிய கடை. வரிசையாக லேப்டாப்புகள், மேலே வரிசையாக டியூப்லைட்டுகள். எங்களிடம் இருந்த பணத்துக்குள் எது வரும் என்று கேட்டதும் விற்பனையாளர் ஒன்றைத் திறந்து வைத்தார். கறுப்புக் கண்ணாடிபோலப் பளபளத்தது. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, “மொகம் பாக்க வீட்டுல கண்ணாடி உண்டும் தம்பி” என்றார். விற்பனையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதில் அக்காவின் முகமும் தலைக்கு மேலே எரிந்த இரண்டு டியூப்லைட்டும் தெரிந்தன என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

நடுவே வெளிநாட்டிலிருந்து அத்தான் வீடியோ காலில் வந்தார். “பதினாலு இஞ்ச் போரும். எடை கொறைஞ்சதா வாங்கு. நல்ல ஸ்லிம்மா இருக்கணும், பையில வச்சா தெரியப்பிடாது” என்றார். விற்பனையாளர் வேகத்தைப் பற்றிச் சொன்னார், சேமிப்பு இடத்தைப் பற்றிச் சொன்னார், விளையாட்டு ஓடுமா என்பதைக்கூடச் சொன்னார். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. “அண்ணே, அக்காவுக்குக் கண்ணு…” என்று நான் தொடங்கியதும் அக்கா என் கையைக் கிள்ளினார். “மிண்டாம நில்லு” என்றார், வாய் திறக்காதே என்று.

ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தோம். எங்கள் வேலையையே போட்டுப் பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் எரிந்த பிறகு வெளிக் கடையில் அடித்து வாங்கிய நாலைந்து ஆதாரங்களைப் பென் டிரைவில் கொண்டு போயிருந்தோம். “நேத்து முடிச்ச வெலை ஆதாரத்த தொறங்க, வாசிச்சுப் பாக்கேன்” என்றார் அக்கா. விற்பனையாளர் திறந்து கொடுத்தார். அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். ஆபீசில் வாசிப்பதுபோலவே வாசித்தார். பக்கத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஓரிடத்தில்கூட நிற்கவில்லை. எண்ணையும் என்னைக் கேட்கவில்லை, தானே வாசித்துவிட்டார். “நல்ல தெளிவா இருக்கு. இதையே போடுங்க” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி புதுக்கடைக்குப் போகலாம். அப்போதுதான் திரையை நானும் பார்த்தேன். அதில் இருந்தது நேற்று முடித்த ஆதாரம் இல்லை. விற்பனையாளர் அதற்குக் கீழே இருந்த வேறொன்றைத் திறந்துவிட்டார். விற்பவர் வேறு, நிலம் வேறு, எண் வேறு. அக்கா நேற்றைய ஆதாரத்தை, நான் சொல்லிக்கொடுத்த எண்ணோடு சேர்த்து, ஓர்மையிலிருந்து வாசித்திருந்தார்.

பிள்ளைகளே, அதைப் பார்த்த பிறகும் நான் பேசாமல் நின்றேன். பில் போட ஆள் போய்விட்டார். அட்டைப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். முதல் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அக்காவே சரி என்று சொன்ன பிறகு நமக்கென்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. நான் செய்த பல தப்புகளை மறந்துவிட்டேன். அந்தப் பேசாமல் நின்ற நேரம் மட்டும் மறக்கவில்லை.

பிறகு எப்படியோ வாய் வந்தது. “அக்கா, சர்வே நம்பர மட்டும் ஒருக்காகூட வாசிங்க.”

அக்கா திரையைப் பார்த்தபடி, “முந்நூத்திப் பன்னெண்டு பார் ஏழு” என்றார், அதாவது 312/7.

விற்பனையாளர் எட்டிப் பார்த்தார். “இல்லையே மேடம், முந்நூத்தி எண்பத்தி ரெண்டு பார் ஒண்ணுல்லா இருக்கு” என்றார். நல்ல மனிதர், கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் சுற்றி நின்ற நாலுபேரும் அக்காவின் கண்ணாடியைப் பார்த்தார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு எழுந்தார். “வா, போவோம்” என்றார்.

தக்கலை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தவர் வில்லுக்குறி தாண்டும்வரை பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். பிறகு, “ஆளுக்க முன்னால வச்சு என்னத்துக்குலே கேட்ட?” என்றார்.

“தெரியாமலே சரிண்ணு சொல்லிட்டீங்களே அக்கா. நாளைக்கு எப்படி வேலை செய்வீங்க?”

“எழுத்து தெரியல்லண்ணு எனக்கா தெரியாது? அதுல கறுப்பா ஒரு கோடு, அதுக்கு மேல டியூப்லைட்டு. வேற ஒரு எழவும் தெரியல்ல.”

“பின்ன எதுக்கு…”

“நீ ஒண்ணாந்தேதி போணும்லா. லேப்டாப் சரியாவல்லண்ணா நீ போவமாட்ட. இங்கயே கெடந்து நம்பர் சொல்லிட்டிருப்ப. ஒனக்க கடைமுறிய வேறெவனும் எடுத்துட்டுப் போவான்.” என் பக்கம் திரும்பி, “நாலு நாளு சொல்லாம முழுங்கிட்டு நடந்தியே, அது எனக்குத் தெரியாதுண்ணு நெனச்சியா? எழுத்துதான் தெரியாது. மொகம் தெரியும்” என்றார்.

நான் போவதற்காக அக்கா பொய்யாக வாசித்திருக்கிறார். நானும் போவதற்காகத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கும் இடம் வந்தபோது அக்கா பையை மாட்டிக்கொண்டே, “இனி சொல்லிரணும். முதல்ல கடைக்காரன்ட்ட, பின்ன பார்ட்டிகள்ட்ட” என்றார்.

“பார்ட்டி போயிருமே அக்கா.”

“போறவன் போட்டு. நான் நம்பர தப்பா எழுதுனா அவனுக்க நெலம் போவும். அதுக்கு இது எவ்வளவோ கொள்ளாம்.”

அடுத்த வாரம் தக்கலையில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். விற்பதும் பழுது பார்ப்பதும் ஒரே ஆள். ஐம்பது வயதிருக்கும். உள்ளே போனதும் உட்காராமலே அக்கா சொன்னார்: “அண்ணே, எனக்குக் கண்ணு கொறவு. சின்ன எழுத்து தெரியாது, மூணும் எட்டும் ஒண்ணுபோல இருக்கும். ரொம்ப வெலை போட்டு வாங்கவும் முடியாது. எனக்க தொழிலு நம்பரு.” ஒரு மூச்சில் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரர் ஆச்சரியமே படவில்லை. “அப்போ நான் சொல்லுறத விடுங்க. கண்ணு சொல்லுறதக் கேப்போம்” என்று எழுந்து, தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட்டை அணைத்தார். நான்கு லேப்டாப்புகளை வரிசையாக வைத்தார். என்னைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறாக, அக்காவுக்குத் தெரியாத எண்கள் இருபது அடிக்கச் சொன்னார். தெரிந்ததை வாசித்தால் கண் எது, ஓர்மை எது என்று பிரிக்க முடியாது என்றார். நாங்கள் நாகர்கோவில் கதையை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவை சாயா குடிக்க அனுப்பிவிட்டு, மூன்று, எட்டு, ஒன்று, ஏழு, ஐந்து, ஆறு எல்லாவற்றையும் கலந்து கட்டி அடித்தேன்.

அக்கா வந்து உட்கார்ந்தார். வேலை செய்யும்போது எவ்வளவு தள்ளி உட்காருவாரோ அவ்வளவு தள்ளி இருக்கச் சொன்னார் கடைக்காரர். முதல் லேப்டாப் மெலிந்தது, அழகானது. அதில் எட்டெல்லாம் மூன்றாக வந்தது. இரண்டாவதில் பத்து சரி. மூன்றாவது பரவாயில்லை, ஆனால் வாசல் வெளிச்சத்துக்கு நேரே வைத்ததும் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது தடித்த சாம்பல் நிறப் பெட்டி. பதினைந்து இஞ்சுக்கும் மேலே. திரையில் பளபளப்பே இல்லை, சிலேட்டுபோல மங்கலாக இருந்தது. கடைக்காரர் அதன் செட்டிங்ஸில் போய் எழுத்துகளைப் பெரிதாக்கினார். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினார். அம்புக்குறியைக் கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு அட்டைப் பெட்டியை அடியில் வைத்து, கழுத்து வளையாமல் திரை கண்ணுக்கு நேராக வரும்படி செய்தார்.

அக்கா வாசித்தார். ஆபீசில் வாசிக்கும் வாசிப்பு இல்லை அது. முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொரு எண்ணாக, நின்று நின்று வாசித்தார். நான் காகிதத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பதினெட்டாவது எண்ணில் ஒருமுறை தடுமாறி, “இல்ல, நில்லு, ஆறு” என்று தானே திருத்தினார். இருபதும் சரி. நான் ஆபீசில் இருந்த ஆறு வருடத்தில் அக்கா எண்ணைப் பார்த்து வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதன் வலதுபக்கம் எண்களுக்கென்று தனியாகப் பொத்தான்கள் இருந்தன. மெலிந்தவற்றில் அது இல்லை. அக்கா பார்க்காமலே விரலால் தடவி, “இது எனக்க கை அறிஞ்ச இடமாக்கும்” என்றார். பழைய கம்ப்யூட்டரில் அப்படித்தான் அடிப்பார்.

“இது பழைய மாடலு அக்கா. கொஞ்சம் பையதான் ஓடும்” என்றார் கடைக்காரர்.

“நானும் பையதான் வாசிக்கேன். ரெண்டுபேரும் ஒத்துப்போவோம்” என்றார் அக்கா.

உங்களில் யாருக்காவது கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பழக்கம் இருக்கலாம். உங்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ கண் குறைந்தவராக இருக்கலாம். அவர்களுக்கு லேப்டாப் வாங்கப் போனால் இதைச் செய்யுங்கள். அவர்கள் தினமும் போடும் கண்ணாடியோடு கூட்டிப் போங்கள். கடையின் விளக்குக்குக் கீழே மட்டும் பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கமும் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் திரையில் நம் முகம்தான் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கும் வழி அநேகமாக எல்லாக் கம்ப்யூட்டரிலும் உண்டு, அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பொத்தானில் உள்ள எழுத்து தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் கடிதமும் கணக்கும் எழுதுகிறவர்களுக்கு அது போதும். எல்லாவற்றுக்கும் முன்னால், கண் குறைவு என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் அதைச் சொல்லாமல் ஒரு நாளையும், கிட்டத்தட்ட ஒரு ஆபீசையும் போக்கியிருப்போம்.

பார்ட்டிகளிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் நாளே ஒருவர், “நான் வேற ஒரு இடத்துல விசாரிச்சிட்டு வாறேன்” என்று காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார், வரவில்லை. இன்னொருவர் மறுநாள் ஆளனுப்பி வாங்கிக்கொண்டார். அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்றாவதாக வந்தது மீன் விற்கும் ஒரு அம்மா. மகளுக்கு ஐந்து சென்ட் எழுதிவைக்க வந்தவர். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, “அதுக்கென்ன பிள்ளே, எனக்கு வாசிக்கவே தெரியாது. நீ பைய வாசி, நான் கேக்கேன்” என்றார். அக்கா ஒவ்வொரு எண்ணையும் முன்னிருந்து ஒருமுறை, பின்னிருந்து ஒருமுறை வாசித்தார். அப்போது வந்ததுதான் அந்த இரட்டை வாசிப்பு. அந்த மாதத்தில் மீதி இருந்த நாளெல்லாம் எண் வரும் இடத்தில் என் நாக்கு தானாகத் துடிக்கும். அக்கா தலையைத் திருப்பாமலே விரலை உயர்த்துவார், பேசாதே என்று. முதல் தேதி நான் புதுக்கடைக்குப் போனேன்.

இந்த வருடம் வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் வாங்கினேன். ஆதாரம் எழுதப் பக்கத்திலேயே ஆட்கள் உண்டு. ஆனாலும் நிலத்தை விற்பவரையும் கூட்டிக்கொண்டு இரணியலுக்குத்தான் போனேன். அறையில் இரண்டுபேர் காத்திருந்தார்கள். புதிதாக வந்த ஒருவரிடம் அக்கா, நாம் வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல, “எனக்குக் கண்ணு கொறவு. நம்பர ரெண்டு தடவ வாசிப்பேன், நேரமாவும். அவசரம்ண்ணா வேற ஆளப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

என் முறை வந்தது. தரகர் எழுதித் தந்த விவரச் சீட்டையும் பழைய ஆதாரத்தின் நகலையும் கொடுத்தேன். ஒரு மாதமாக அந்தச் சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. தினமும் எடுத்துப் பார்ப்பேன், சந்தோஷத்துக்காக. அக்கா பழைய ஆதாரத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தார், சீட்டைப் பிடித்தார், இரண்டு எண்ணையும் அடித்துத் திரையில் பார்த்தார். மறுபடி பழைய ஆதாரம்.

“இது யாருலே எழுதித் தந்தது?”

“தரகர் அக்கா. ஏன்?”

“சீட்டுல கெடக்கது பார் நாலு. முன் ஆதாரத்துல பார் ஒம்பது. பார் நாலு இவருக்க நெலமே இல்ல, எல்லையில போட்டிருக்க அண்டைவீட்டுக்காரனுக்க நெலம். நீ அடுத்தவனுக்க பறம்ப வாங்கப் போறியா?”

நான் இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. நிலத்துக்காரரும் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“தெனமும் பாத்தேன் அக்கா” என்றேன்.

“ஒனக்குக் கண்ணு நல்லா இருக்குல்லா மக்கா. அதான் பாக்கல்ல.”

காத்திருந்த இருவரும் சிரித்தார்கள். நான் சீட்டை எடுத்துக்கொண்டு தரகருக்குப் போன் செய்ய வாசலுக்கு வந்தேன். உள்ளே அக்கா நிலத்துக்காரரை எதிரே உட்காரவைத்து, யாரையும் பார்க்காமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழைய ஆதாரத்தை முதல் எண்ணிலிருந்து வாசிக்க ஆரம்பித்திருந்தார்.